நன்மை வாங்கும் வாய்

என் வீட்டுக்காரர் செஞ்சியில் உபதேசியார். பங்குச் சாமியாருக்கு அடுத்தபடி ஊரில் வேதம் தெரிந்தவர் அவர்தான். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, பூசைக்கு மணி அடிப்பது, செத்தவர் வீட்டில் செபம் சொல்வது எல்லாம் அவர் வேலை. தங்கமான மனிதர். குடி கிடையாது. கை நீட்ட மாட்டார். எனக்குக் காய்ச்சல் என்றால் தானே கஞ்சி வைத்துக் கொடுப்பார். ஒரே ஒரு குறைதான். பல் விளக்க மாட்டார்.

சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறியாக இருந்திருந்தால் நான் அவரை ஒரே மாதத்தில் திருத்தியிருப்பேன். அவர் பக்தியினால் விளக்காமல் இருந்தார். பக்தியோடு சண்டை போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட சண்டை என்று தெரியும்.

வெளியில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். பூசையில் நன்மை வாங்குவது என்றால், சாமியார் பீடத்தில் வைத்து ஆசீர்வதித்துக் கொண்டுவரும் வெள்ளை அப்பத்தை நாக்கில் வாங்கி விழுங்குவது. சேசுநாதரையே உள்ளே வாங்குகிறோம் என்பது எங்கள் விசுவாசம். அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடு இரவு தாண்டியதும் எதையும் உள்ளே தள்ளக் கூடாது. சோறு மட்டுமில்லை, பச்சைத் தண்ணீரும் கூடாது. தெரிந்தே மீறி வாங்கினால் சாவான பாவம். இது திருச்சபையின் கட்டளை, அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

அந்தக் கட்டளைக்கு மேல் என் மாமனார் தன் பங்குக்கு இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அவரும் உபதேசியார். வாய் கொப்பளித்தால் ஒரு சொட்டாவது தொண்டைக்குள் இறங்கும், ஆகவே பூசைக்கு முன்னால் பல் விளக்கக் கூடாது என்பது முதல் முடிச்சு. நன்மை வாங்கிய வாயால் துப்பினால் சேசுநாதரையே துப்பியது போல, ஆகவே அன்று முழுவதும் எச்சில் துப்பக் கூடாது என்பது இரண்டாவது. வருஷத்துக்கு ஒருமுறை நன்மை வாங்குகிறவனுக்கு இதனால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. என் வீட்டுக்காரர் தினமும் வாங்குகிறவர். காலையில் தண்ணீர் கூடாது, அதற்குப் பிறகு துப்பக் கூடாது, விடிந்தால் மறுபடி காலை. இதில் எந்த நேரத்தில் பல் விளக்குவது?

துப்பக் கூடாது என்பதால் வெற்றிலை கிடையாது, புகையிலை கிடையாது. அந்த வகையில் எனக்கு லாபம்தான். மற்றபடி முப்பது வயதைத் தாண்டும் முன்பே முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. மீதி இருந்தவை ஆடின. ஈறு வீங்கிச் சீழ் கட்டும். அவர் பேசும்போது பிள்ளைகள் ஓரடி பின்னால் நகர்ந்து நின்று மந்திரம் படிப்பார்கள். படுக்கையில் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். அவரும் அதைத் தெரிந்துகொண்டு தன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். புருஷன் மேல் கொள்ளை ஆசை வைத்திருக்கிறவள் சுவரைப் பார்த்துப் படுப்பது பெரிய கொடுமை. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

பல்வலி வந்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்காருவார். செத்த பிறகு பாவக்கடன் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்பட்டுக் கிடக்கிற ஆத்துமாக்களுக்காக இந்த வலியை ஒப்புக்கொடுக்கிறேன் என்பார். நான் கிராம்பை நசுக்கி எடுத்துக்கொண்டு போய், "அந்த ஆத்துமாங்களுக்கெல்லாம் பல்லு இருக்குதோ இல்லியோ, நீங்க வாயத் தொறங்க" என்பேன்.

நான் பிறந்தது மண்டகப்பட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நாங்களும் வேதக்காரர்கள்தான். ஆனால் எங்கள் ஊருக்குச் சாமியார் வருவதே எப்போதாவதுதான். உயிர்த்த திருநாளான பாஸ்குக்கு ஒருமுறை, ஊர்த் திருநாளுக்கு ஒருமுறை நன்மை வாங்குவோம். எந்த நாளானாலும் விடிந்ததும் உமிக்கரியும் உப்பும்தான். ஆகவே அங்கே யாருக்கும் இந்தச் சிக்கலே வந்ததில்லை. நிதமும் பூசை வைக்கிற ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகுதான் எனக்கே இது தெரிந்தது.

எங்கள் வீட்டில் விளக்காதவன் என் அண்ணன் ஒருவன்தான். அவனுடையது சுத்தமான சோம்பேறித்தனம். வண்டி ஓட்டப் போகிற அவசரத்தில் ஒரு விரலை வாயில் விட்டு எடுத்துவிட்டுக் கூழைக் குடித்துப் போவான். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி வலித்தது. புகையிலையை அடைத்துக்கொண்டான். தாடை வீங்கியது. பல்தானே என்று இருந்தோம். வீக்கம் கழுத்துக்கு இறங்கி, வாயைத் திறக்க முடியாமல் போன பிறகு வண்டி கட்டித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்த வண்டியில் அவனுக்கு உயிர் இல்லை. மாட்டைத் தனியாளாக மடக்கிக் கட்டுகிறவன், ஒரு பல்லுக்குச் செத்துப்போனான். என் அம்மா அவன் வாயைத் துடைத்த துணியை நான்தான் கிணற்றடியில் அலசினேன். அன்றைக்கு எனக்குள் ஒன்று கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. என் வீட்டில் இனி ஒருவர் இப்படிப் போகக் கூடாது.

கல்யாணமான புதிதில், பூசைக்குப் போகும் முன் நான் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டு நின்றதை அவர் பார்த்துவிட்டார். கையிலிருந்த செம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு நீ நன்மை வாங்காத" என்றார்.

"ஏன்?"

அப்போதுதான் இரண்டு முடிச்சையும் எனக்குச் சொன்னார். நானும் நம்பினேன். உபதேசியாருக்குத் தெரியாததா என்று நினைத்தேன். நம்பிய பிறகும் செம்பை மறுபடி கையில் எடுத்தேன். நன்மையா பல்லா என்று கேட்டால், சர்வேசுரன் என்னை மன்னிப்பார், பல் மன்னிக்காது என்று முடிவு செய்தேன். தினமும் விளக்குவேன், பூசைக்குப் போவேன், நன்மை வாங்க எழுந்திருக்க மாட்டேன். பெரிய திருநாள்களில் மட்டும் விளக்காமல் போய் வாங்குவேன்.

கோயிலில் பெண்கள் கண் சும்மா இருக்குமா? எல்லோரும் எழுந்து நன்மை வாங்கப் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதிக்குப் போகும்போது நான் மட்டும் முழங்காலில் இருப்பேன். உபதேசியார் பெண்டாட்டி எதற்கு நன்மை வாங்குவதில்லை, என்ன பாவத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாளோ என்று பேசினார்கள். ஒருத்தி தண்ணீர்த் துறையில் என் காதுபடவே பேசினாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்து நன்றாகப் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு வந்தேன்.

சாமியாரிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். அந்தக் காலத்தில் பெண்கள் சாமியாரிடம் பேசுவது பாவசங்கீர்த்தனக் கூண்டில் மட்டும்தான். அங்கே என் பாவத்தைச் சொல்லலாம், புருஷன் சொன்னதைச் சோதிக்க முடியுமா? வேறு எது கேட்பதானாலும் உபதேசியார் வழியாகத்தான் கேட்க வேண்டும். உபதேசியாரோ என் வீட்டில்.

மகள் பிறந்தாள். இடுப்பில் இருக்கும் வயதிலேயே அவள் ஈறைத் துணியால் துடைத்துவிடுவேன். நிற்கத் தெரிந்ததும் உமிக்கரி. உமியைக் கரியாக்கி, உப்புச் சேர்த்து, மாவு மாதிரி இடித்துச் சலிப்பேன். சரசரவென்று இருந்தால் ஈறைக் கிழித்துவிடும். வெளிப்பக்கம், உள்பக்கம், கடைவாயின் பின்பக்கம், பிறகு தென்னை ஈர்க்கைக் கிழித்து நாக்கு வழிப்பது. எதையாவது விட்டுவிட்டு ஓடினால் பின்னலைப் பிடித்து இழுத்து நிறுத்துவேன். பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்தபோது எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்வது. வெள்ளரி விதை மாதிரி வரிசையாக வந்தன. அவள் சிரித்தால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

அந்த வருஷம்தான் அவளுக்குப் புதுநன்மை. முதல்முதலாக நன்மை வாங்கும் திருநாள். ஊர்ப் பிள்ளைகளோடு சேர்த்து அவளையும் அவள் அப்பாவே தயார்செய்தார். ஒருநாள் சாயங்காலம் அவர் பாடம் சொல்வது என் காதில் விழுந்தது. "காலையில பல்லு வெளக்கக் கூடாது. வாங்கினப்புறம் துப்பக் கூடாது" என்று அவர் சொல்ல, பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். என் மகள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உபதேசியார் மகள் புதுநன்மை வாங்கிவிட்டால் அப்பாவைப் போல அவளும் தினமும் வாங்குவாள். அந்த நாளோடு அவள் பல் விளக்குவது முடிந்தது. அந்த வரிசை என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நான் வேறு எங்கும் போக வேண்டாம், என் பக்கத்தில் படுத்திருக்கிறவர் வாயைப் பார்த்தால் போதும். என் அண்ணனை நினைத்தேன். இதை மட்டும் நடக்க விட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று சோறு போட்டுவிட்டுப் பேச்சை எடுத்தேன்.

"கொயந்தைக்கு மட்டும் வுட்டுக்குடுங்க. எனக்குச் சொன்னதே போதும்."

"நான் இன்னா வுட்டுக்குடுக்கறது? சட்டம் என்னோடதா?"

"யாரோட சட்டம்? புஸ்தகத்துல இருக்குதா?"

"எங்க நைனா சொன்னாரு. அவுரு பொய் சொல்ற ஆளா?"

"பொய்னு நான் சொல்லல. பல்லு போவுதுன்னு சொல்றன்."

அவருக்குக் கோபம் வராது, வாதம்தான் வரும். "நம்ம தெருக்கோடி நயினார் வூட்ல கேட்டுப் பாரு. அவுங்க உபவாசம் இருக்கறன்னிக்குப் பல்லு வெளக்கறாங்களா? அவுங்க சாமிக்கு அவுங்க செய்றாங்க. நம்ம சாமிக்கு நாம செய்யக் கூடாதா?" என்றார்.

நானும் விடவில்லை. மறுநாளே தெருக்கோடி நயினார் வீட்டுக்குப் போனேன். அவர்கள் ஜைனர்கள், தானிய வியாபாரம். அந்த வீட்டம்மாவிடம் கேட்டேன். "உபவாசத்தன்னிக்கு மட்டுந்தான் வெளக்க மாட்டோம். மத்த நாளு வெளக்காதவங்கள எங்க மாமியார் அடுப்புப் பக்கமே வுட மாட்டாங்க" என்றார் அந்த அம்மா. அதை அப்படியே கொண்டுவந்து இவரிடம் சொன்னேன். "அவுங்களுக்கு என்னிக்கோ ஒரு நாளு உபவாசம். உங்களுக்குத் தெனமும் உபவாசமா?" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திருநாள் விடிந்தது. அவர் இருட்டோடு எழுந்து கோயிலுக்குப் போயிருந்தார். திருநாளாக இருந்தும் நான் அன்று பல் விளக்கிவிட்டேன். மகளுக்குத் தலை சீவி, வெள்ளைப் பாவாடை கட்டி, முக்காடும் பூமுடியும் எடுத்து வைத்தேன். பிறகு அவள் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். நன்மையைத் தடுக்க வேண்டும் என்று எனக்கு எண்ணமில்லை. தண்ணீர் உள்ளே போகாமல் விளக்க முடியும் என்று அவளுக்கு இன்றைக்கே தெரிந்துவிட்டால், நாளையிலிருந்து யார் சொன்னாலும் பயப்பட மாட்டாள் என்று கணக்குப் போட்டேன்.

"அம்மா, வேணாம்மா. நைனா வேணாம்னாரு."

"நைனா வேணாம்னது தண்ணி குடிக்கறத. நீ குடிக்காத. நல்லாத் தேய். குனிஞ்சிக்கோ. துப்பு. இன்னொரு தரம் துப்பு."

பாவாடையில் கரி தெறிக்காமல் மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒழுங்காகத்தான் விளக்கினாள். கடைசியாகக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். கண்ணில் நீர் தளும்பியது.

"உள்ள போயிட்ச்சிம்மா."

"இன்னா போச்சி?"

"தண்ணி. ஒரு சொட்டு. முழுங்கிட்டன்."

யாரிடமும் சொல்லாதே என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர், அதை யார் கண்டார்கள்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். பாவத்தோடு நன்மை வாங்கினால் நரகம் என்று அவள் அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். இவள் அந்தப் பயத்தோடு வாயைத் திறந்து வாங்குவாள், ஆயுசுக்கும் அதைச் சுமப்பாள். பல்லைக் காப்பாற்றி நெஞ்சைக் கெடுக்க நான் தயாராக இல்லை. இத்தனை வருஷம் யாரும் சாமியாரைக் கேட்கவில்லை. இன்று கேட்டே ஆக வேண்டும். முக்காட்டைப் போட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அன்று அமாவாசை வேறு. கடைத்தெருவில் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற சனம் நெரிந்து நின்றது. சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது, பஸ் கரிப்புகையில் ஓடியது, அதன் பின்னால் இருந்த கரி அடுப்பு கனலக் காற்றுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான் ஒருவன். புகைக்கு நடுவே வெள்ளை முக்காடு போட்ட பிள்ளை அழுதுகொண்டு போவதைப் பார்த்து, "இன்னாமா கொயந்தைக்கு?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அவள் அழுவதற்கு நான்தான் காரணம் என்பது என் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

கோயிலின் பக்கவாட்டில் சக்ரீஸ்து. சாமியார் பூசை உடுப்புப் போடுகிற அறை. பெண்கள் அதற்குள் போகும் வழக்கமில்லை. வாசலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"செஞ்சிட்ட இல்ல" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கொயந்தைய வரிசைலேர்ந்து எடுத்துடு. அடுத்த வருசம் வாங்கட்டும்."

மகள் விம்ம ஆரம்பித்தாள்.

"சாமியாரக் கேக்கணும்" என்றேன்.

"நான் சொல்றன் இல்ல?"

"நீங்க சொன்னத இத்தினி வருசமாக் கேட்டன். இன்னிக்கு அவுரு சொல்லட்டும்."

"இங்க பொம்பளைங்க வரக் கூடாது."

"வந்துட்டன்" என்று சொல்லி அவரைத் தாண்டிப் போனேன்.

சாமியார் புதுச்சேரிப் பக்கத்துக்காரர். கொஞ்சம் முன்கோபி. வெள்ளை அங்கியை அரையும் குறையுமாக மாட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் முழங்காலிட்டு, எனக்கு வந்த வேகத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக் குனிந்தார்.

"குடிச்சியா, கொப்பளிச்சியா?"

"கொப்பளிச்சன் சாமி."

"வேணும்னு முழுங்கினியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"கொப்பளிக்கும்போது எச்சிலோட எச்சிலா இறங்கினது குடிச்சதாகாது. அதுல பாவமும் இல்ல, ஒண்ணுமில்ல. கண்ணத் தொடச்சிக்கிட்டுப் போய் வரிசையில நில்லு."

குழந்தை ஓடியே போய்விட்டாள். எனக்கு எழுந்து போகத் தோன்றவில்லை. வந்ததுதான் வந்தோம், பாதியில் விட்டுவிட்டுப் போனால் மறுபடி இந்த வாசல் கிடைக்காது.

"வாங்கினப்புறம் துப்பலாமா சாமி?"

"வாங்கிக் கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டா, அப்புறம் துப்புறதுல என்ன இருக்கு? யாரு சொன்னா துப்பக் கூடாதுன்னு?"

நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணையும் திருப்பவில்லை. ஆனால் சாமியார் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"நான் தினமும் பல் விளக்கிட்டுத்தான் பூசை வைக்கிறேன். உனக்குத் தெரியாதா உபதேசியார்?"

"தெரியாது சாமி."

"எத்தனை வருஷமா என் பக்கத்துல நிக்கிற. ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேக்கத் தோணல சாமி. எங்க நைனா சொன்னாரு." அவர் குரல் உள்ளே போய்விட்டது.

சாமியார் அங்கியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "பூசை முடிஞ்சதும் நீயே எல்லாருக்கும் சொல்லிடு" என்றார். "நான் சொன்னா சாமியார் சொல்லிட்டுப் போறார்னு இருந்துடுவாங்க. நீ சொல்லிக்குடுத்தது, நீதான் மாத்தணும்."

அன்று என் மகள் கிராதியில் முழங்காலிட்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்தாள். அடுத்த வரிசையில் நானும் எழுந்து போனேன். கல்யாணத்துக்குப் பிறகு பல் விளக்கிய வாயோடு நன்மை வாங்கியது அதுதான் முதல் தடவை. தண்ணீர்த் துறையில் பேசியவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்க நேரமில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

பூசை முடிந்ததும் என் வீட்டுக்காரர் சனத்துக்கு முன்னால் வந்து நின்றார். அவர் எதையாவது சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்த இடத்தில் நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"பூசைக்கு வர்றதுக்கு முன்ன பல்லு வெளக்கலாம். வாய் கொப்பளிக்கலாம். நன்மை வாங்கிட்டு அப்புறம் துப்பலாம். சாமியார் சொல்லிட்டாரு" என்றார். அதோடு இறங்கவில்லை. "கூடாதுன்னு உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது நான்தான். அது தப்பு. நம்பாதவங்க இதப் பாருங்க."

உதட்டை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்து வாயைத் திறந்து காட்டினார். முன்வரிசையில் புதுநன்மைப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மந்திரம் சொல்லும் விதத்தை முதுகுக்குப் பின்னால் அப்படியே செய்துகாட்டிச் சிரிக்கிற பிள்ளைகள் அவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காக அன்று நான் பட்ட பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

வீட்டில் கறிசோறு. உறவெல்லாம் தின்றுவிட்டுப் போனது. அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கொல்லைப் பக்கம் போனவரைக் காணோம் என்று நானும் மகளும் போய்ப் பார்த்தோம். கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப இதெல்லாம் எதுக்குப் போச்சி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். விரல் தன் வாயைக் காட்டியது. "சேசுநாதருக்குன்னு நெனச்சன். அவுரு கேக்கவே இல்லியே."

இதே கேள்வியை அவர் ஒருநாள் கேட்பார், அன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எத்தனையோ தரம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் பழக்கம்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். நான் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"போனது போவட்டும். மிச்சம் இருக்குது இல்ல? அதப் பாப்போம்."

உள்ளே போய்க் கரியைக் கொண்டுவந்து அவர் கையில் கொட்டினேன். விரலால் தொட்டு வாயில் வைத்தார். எப்படித் தேய்ப்பது என்றே அவருக்குப் பழக்கமில்லை. மகள் எதிரில் நின்று, "உள்பக்கம் நைனா. பின்னாடி. அங்க வுட்டுட்டீங்க" என்று அதிகாரம் பண்ணினாள். ஈறில் விரல் பட்டபோதெல்லாம் அவர் தோள் துள்ளியது. உதட்டோரத்தில் ரத்தம் கசிந்தது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

செம்பிலிருந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் கொப்பளித்தார். பிறகு அப்படியே நின்றார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. காலையில் நன்மை வாங்கிய வாய். பிள்ளைப் பிராயத்திலிருந்து அப்படிப்பட்ட நாளில் அவர் துப்பியதே இல்லை. என்னைப் பார்த்த அந்தக் கண்ணில் அப்படி ஒரு பயம்.

"துப்புங்க" என்றேன்.

அசையவில்லை.

"சாமியாரே சொல்லிட்டாரு. நீங்களே ஊருக்குச் சொல்லிட்டீங்க. துப்புங்க."

வேலியோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, துப்பினார். துப்பியதை அங்கேயே குனிந்து பார்த்தார். காலால் மண்ணைத் தள்ளி மூடினார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் வெளக்கணுமா?" என்று கேட்டார்.

"தெனமும்" என்றேன்.